நூம்பல் டு திருவள்ளூர்... 59 வயசில் ஒரு ரேஸ் ஆசை!

'நூம்பலா? அது எங்கப்பா இருக்கு?' காலேஜ்ல முதல் வருஷம் பாதிப் பேர் இப்படித்தான் கேட்டாங்க. ஈஸியா சொல்றேன். வடக்கே பூந்தமல்லி ஹைரோடு. தெற்கே மவுன்ட் - பூந்தமல்லி ரோடு. ரெண்டுக்கும் நடுவில் சாண்ட்விச் மாதிரி மாட்டிக்கிட்ட ஊர்தான் நூம்பல். வேலப்பன்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடந்தா வந்துடும். அந்தப் பக்கம் போனா ஐயப்பன்தாங்கல், போரூர்.

சுத்தி இருக்கிற ஊர்ப் பேரைக் கவனிச்சீங்களா? வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி... எல்லாம் சாவடி! அந்தக் காலத்தில் வழிப்போக்கர்கள் கட்டுச்சோறு பிரிச்சு, இளைப்பாறிட்டுப் போன இடத்துக்குப் பேர்தான் சாவடி. இப்போ அந்தச் சாவடிகள் வழியா ராத்திரி பகலா கன்டெய்னர் லாரிகள் பெங்களூருக்குப் பறக்குது. இளைப்பாறத்தான் யாருக்கும் நேரமில்லை.

ரோடு மட்டுமில்லை பாஸ், இந்த மேற்குப் பக்கமே வண்டிகளுக்காகப் பொறந்த ஏரியா. ஆவடியில் ராணுவ டாங்கி செய்யறாங்க. பாடியில் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியான்னு வரிசையா உதிரி பாகக் கம்பெனிகள். அம்பத்தூர் எஸ்டேட்டில் சந்துக்குச் சந்து லேத் பட்டறை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். அதுக்குப் பக்கத்திலேயே 3.7 கிலோமீட்டர் நீளத்துக்கு ரேஸ் டிராக். காரின் பிரேக்கைச் செஞ்சவர், வீலைச் செஞ்சவர், மோட்டாரைச் செஞ்சவர்னு எல்லோரும் நம்ம தெருக்காரங்கதான். ஆனா, அவங்கள்ல பல பேர் வேலைக்குப் போனது பஸ்ஸிலும் சைக்கிளிலும்தான்!

எங்க எதிர் வீட்டு அங்கிள் அப்படிப்பட்டவர்தான். உதிரி பாகக் கம்பெனி ஒண்ணில், டூல் ரூமில் 34 வருஷம் வேலை பார்த்துட்டு ரிட்டயர்டு ஆனவர். வயசு 59. போன வருஷம் ஒரு காரியம் பண்ணினார். தெருவே வாசலுக்கு வந்து நின்னு வேடிக்கை பார்த்துச்சு.

ஆமா... பழைய மிட்சுபிஷி லான்சர் செடியா ஒண்ணை வாங்கிட்டார்!

நாலு கதவு... அதனாலென்ன?

'நாலு கதவு வெச்ச செடான் எப்படிப்பா ஸ்போர்ட்ஸ் கார் ஆகும்?'னு சண்டைக்கு வராதீங்க. அங்கிளோட காலத்துக்குப் போய்ப் பாருங்க. அவர் சின்னப் பையனா இருந்தப்போ ரோட்டில் அம்பாசடர், பிரீமியர், ஸ்டாண்டர்டு... அவ்வளவுதான்! ஃபெராரி எல்லாம் காலண்டர் படத்தில்தான். அதனால நம்ம ஆளுங்க கையில் கிடைச்சதை வெச்சே ரேஸ் ஓட்டினாங்க. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம்தான் ரேஸ் டிராக். கோவைக்காரரான கரிவரதன், மாருதி 800 இன்ஜினை எடுத்து 'ஃபார்முலா மாருதி'ன்னு ரேஸ் காரே செஞ்சார். 1995-ல் அவர் விமான விபத்தில் இறந்துட்டார். கோவையில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பேரில்தான் இருக்கு. அதே கோவையிலிருந்து கிளம்பின நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டின முதல் இந்தியர் ஆனார். 2010-ல் நம்ம சென்னைப் பையன் கருண் சந்தோக்!

இந்த வரிசையில்தான் லான்சர் வருது. 1996-லிருந்து 1999 வரைக்கும் தொடர்ந்து 4 வருஷம் உலக ராலி சாம்பியன் பட்டத்தை அடிச்சவர், பின்லாந்தைச் சேர்ந்த டாமி மாக்கினன். அவர் ஓட்டினது மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன். 1998-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் லான்சரை இந்தியாவில் விற்க ஆரம்பிச்சது. எவல்யூஷனோட டர்போ, நாலு வீல் டிரைவ் எதுவும் அதில் கிடையாது. ஆனா, உருவம் கிட்டத்தட்ட அதேதான். அதைவிடப் பெரிய விஷயம், அந்தக் கார் தயாரானது ஜப்பானில் இல்லை. நம்ம திருவள்ளூரில்! நூம்பலிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்.

'பூந்தமல்லியில பஸ்ஸுக்கு நின்னுட்டு இருந்தேன் தம்பி. புது லான்சர் ஒண்ணு திருவள்ளூர் பக்கமிருந்து வந்து திரும்புச்சு. நான் ஏற வேண்டிய பஸ் போனதே தெரியலை'ன்னார் அங்கிள். அப்போ அவருக்குக் கல்யாணமான புதுசு. அதுக்கப்புறம் நூம்பலில் மனை, வீட்டு லோன், ரெண்டு பொண்ணுங்க படிப்பு, கல்யாணம்... லான்சர் வரிசையில் பின்னாடி போய்க்கிட்டே இருந்தது.

2006-ல் செடியா வந்தது. 1999 சி.சி. பெட்ரோல் இன்ஜின், 115 குதிரைத் திறன். பின் சக்கரம் ரெண்டும் தனித்தனி சஸ்பென்ஷன். அதாவது, ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினா இன்னொண்ணு பாதிக்காம ரோட்டைப் பிடிச்சுக்கும். வளைவில் வண்டி அலையாது. அதனாலதான் இந்திய ராலி ஓட்டறவங்களுக்கு செடியா செல்லப்பிள்ளை. 2019-ல் அர்ஜுனா விருது வாங்கின முதல் மோட்டார் பந்தய வீரர் கௌரவ் கில்கூட செடியாவில் ராலி ஓட்டினவர்தான்.

ஆன்ட்டி போட்ட ரெண்டு கண்டிஷன்

ரிட்டயர்மென்ட் பணம் கைக்கு வந்ததும் அங்கிள் விஷயத்தை உடைச்சார். ஆன்ட்டி கத்தவெல்லாம் இல்லை. ஒரே ஒரு கேள்விதான். 'ஒரு ராத்திரி எனக்கோ உங்களுக்கோ நெஞ்சு வலின்னா, அந்தக் காரை வித்தா ஆஸ்பத்திரிக்குக் கட்டப் போறீங்க?'

நியாயமான கேள்வி இல்லையா? மூணு நாள் அங்கிள் பேசவே இல்லை. நாலாவது நாள் ஆன்ட்டியே இறங்கி வந்தாங்க. ரெண்டு கண்டிஷன். ஒண்ணு, ஆஸ்பத்திரிக்குன்னு ஒரு தொகை ஆன்ட்டி பேரில் ஃபிக்ஸட் டெபாசிட். அதைத் தொடவே கூடாது. ரெண்டு, காருக்கு ஆகிற ஒவ்வொரு ரூபாயும் நோட்டில் ஏறணும். வருஷத்துக்கு இவ்வளவுதான்னு ஒரு கோடு. கோட்டைத் தாண்டினா கார் விற்பனைக்கு! அங்கிள் கையெழுத்தே போட்டுக் கொடுத்தார்.

அப்புறம் தேடல். மெக்கானிக்கல் படிக்கிறேன்னு டார்ச் பிடிக்க என்னையும் கூட்டிட்டுப் போனார். புத்தகத்தில் இல்லாத பாடமெல்லாம் அங்கேதான் கிடைச்சது.

முதல் கார் பளபளன்னு இருந்தது. அங்கிள் பானெட்டையே திறக்கலை. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தார். கடைசி ஒரு அடியில் காய்ஞ்ச சேறு கோடு போட்டிருந்தது! வெள்ளத்தில் முழுகின வண்டி. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரைக்கும் தண்ணி திறந்தாங்களே... அப்போ முழுகின கார்களுக்குக் கணக்கே இல்லை. சீட்டை மாத்தலாம், கார்ப்பெட்டை மாத்தலாம். சுருட்டி உள்ளே போன பெல்ட்டையும், சீட்டுக்கு அடியில் துருப்பிடிச்ச தண்டவாளத்தையும் மாத்த மறந்துடுவாங்களாம்.

ரெண்டாவது, டெல்லி வண்டி. விலை ரொம்பக் கம்மி. டெல்லி வட்டாரத்தில் 15 வருஷம் தாண்டின பெட்ரோல் கார், 10 வருஷம் தாண்டின டீசல் கார் ஓடக் கூடாதுன்னு 2018-ல் சுப்ரீம் கோர்ட் சொன்ன பிறகு, அங்கே கழிச்ச கார்கள் இங்கே இறங்க ஆரம்பிச்சது. ஆனா, அங்கிருந்து என்.ஓ.சி. வாங்கணும். இங்கே வரி கட்டணும். புது நம்பர் எடுக்கணும். இதெல்லாம் கூட்டிப் பார்த்தா விலை கம்மி இல்லை. அங்கிள் கும்பிடு போட்டுட்டு வந்துட்டார்.

மூணாவதுதான் மாட்டினது. 2008 மாடல், தமிழ்நாட்டு நம்பர். தனியார் காருக்கு ஆர்.சி. 15 வருஷம்தான். அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். 2022 ஏப்ரலிலிருந்து அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆயிடுச்சு. பழைய ஓனர் 2023-லேயே கட்டிப் புதுப்பிச்சு வெச்சிருந்தார். இன்ஜின் ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் தடவிப் பார்த்தார் அங்கிள். அங்கே தயிர் மாதிரி வெள்ளையா ஒட்டியிருந்தா, ஆயிலில் தண்ணி கலக்குதுன்னு அர்த்தமாம். சுத்தமா இருந்தது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி சைலன்ஸரைப் பார்த்தோம். நீலப் புகை வந்தா ஆயில் எரியுது, கறுப்புப் புகை வந்தா பெட்ரோல் அதிகமா போகுது. ரெண்டும் இல்லை!

'வாங்கினதும் ஓட்டிப் பார்க்கறதில்ல தம்பி முக்கியம், பேர் மாத்தறதுதான்'னு அன்னைக்கே ஃபாரம் 29, ஃபாரம் 30-ல் கையெழுத்து வாங்கிட்டார். ஆர்.சி.யில் யார் பேர் இருக்கோ, விபத்து நடந்தா நஷ்ட ஈடு அவர் தலையில்தான்னு 2018-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே இருக்கு. கைமாத்தி ஓட்டற ஃப்ரெண்ட்ஸ், பைக்குக்கும் இது பொருந்தும்!

பொறந்த வீட்டுக்கு ஒரு டிரிப்

பேர் மாறி ஆர்.சி. வந்த ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு முதல் டிரிப். எங்கே போகலாம்னு கேட்டதுக்கு அங்கிள் யோசிக்கவே இல்லை. 'திருவள்ளூர்!' முன் சீட்டில் ஆன்ட்டி, மடியில் அந்தக் கணக்கு நோட்டு. பின்னாடி நான்.

வேலப்பன்சாவடியில் ஹைரோடு பிடிச்சு, பூந்தமல்லி தாண்டினதும் வலது பக்கம் திருவள்ளூர் ரோடு. கட்டடங்கள் குறைஞ்சு, நடுநடுவே வயலும் ஏரிக்கரையும் எட்டிப் பார்த்தது. நூம்பலும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்ததாம். ரோடு காலியா இருந்த ஒரு இடத்தில் அங்கிள் மூணாவது கியரில் கொஞ்சம் அழுத்தினார். முதுகு சீட்டில் போய் ஒட்டிக்கிச்சு. 'மெதுவா...'ன்னு ஆன்ட்டி சொல்றதுக்குள்ளே அவரே காலை எடுத்துட்டார். 'அவ்வளவுதாம்மா. இருக்கான்னு பார்த்தேன்.'

ஃபேக்டரி வாசலில் இப்போ ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும் இல்லை, மிட்சுபிஷியும் இல்லை. 2017-ல் சி.கே.பிர்லா குழுமமும் பிரான்ஸின் பி.எஸ்.ஏ. குழுமமும் கைகோத்தாங்க. அதுக்கப்புறம் அங்கே தயாராகிறது சிட்ரோன் கார்கள். கேட்டுக்கு எதிரே ஓரமா நிறுத்தி, இறங்கி ரெண்டு நிமிஷம் நின்னார் அங்கிள். யாரும் கண்டுக்கலை. அவரும் எதுவும் சொல்லலை. பானெட் மேல் கையை மட்டும் வெச்சிருந்தார்.

திரும்பும்போது ஆன்ட்டி கேட்டாங்க, 'பார்ட்ஸ் கிடைக்காதாமே... உடைஞ்சா என்ன பண்ணுவீங்க?' அதுக்கு மட்டும் அங்கிள்கிட்டே ரெடியா பதில் இருந்தது. 'புஷ், பிராக்கெட் மாதிரி ஐட்டமெல்லாம் அம்பத்தூர்ல கடைஞ்சு வாங்கிக்கலாம். 34 வருஷமா ஊருக்கே நாங்கதானே செஞ்சு கொடுத்தோம். சென்சார், கம்ப்யூட்டர் போனாதான் தேடி அலையணும்.' ஆன்ட்டி அதையும் நோட்டில் குறிச்சுக்கிட்டாங்க.

நமக்கெல்லாம் ஆசைன்னா பைனல் இயர் முடிஞ்சதும், கேம்பஸ் கிடைச்சதும், முதல் மாசச் சம்பளத்தில் இ.எம்.ஐ. போட்டதும் கைக்கு வந்துடணும். நடிகர் அஜித்தைப் பாருங்க. 2003-ல் ஃபார்முலா ஆசியா, 2010-ல் ஃபார்முலா 2 ஓட்டினவர், பல வருஷ இடைவெளிக்குப் பிறகு 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸுக்குத் திரும்பினார். அவர் அணி தன் பிரிவில் மூணாவது இடம். அப்போ அவருக்கு 53 வயசு. அங்கிளுக்கு டீமும் இல்லை, கேமராவும் இல்லை. ஆனா, 25 வருஷத்துக்கு மேல் காத்திருந்தப்போ யார் பணத்திலும் கை வைக்கலை. வாங்கும்போதும் ஆன்ட்டியோட கேள்விக்குப் பதில் சொல்லிட்டுத்தான் வாங்கினார்.

இப்போ ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்க தெருவில் அந்த இன்ஜின் சத்தம்தான் அலாரம். 2028-ல் ஆர்.சி.யை மறுபடி புதுப்பிக்கணும். வருஷக் கோட்டை நெருங்க இன்னும் கொஞ்சம்தான் பாக்கின்னு நோட்டைக் காட்டினாங்க ஆன்ட்டி. அடுத்த டிரிப்பை முடிவு பண்ணினதும் அவங்கதான்.

திருவள்ளூர் தாண்டி... திருத்தணி!