பதினாலாவது பயணி

வேலூருக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில் இருக்கிறது போளூர். சம்பத்கிரி மலை மேலே நரசிம்மர். கீழே பஸ் ஸ்டாண்டும் கடைத்தெருவும். ஜவ்வாது மலை ஏறுகிறவர்கள் தக்காளி, முட்டை, தீப்பெட்டி சகலமும் இங்கேயே வாங்கிக்கொள்வது உத்தமம். ஜமுனாமரத்தூர் இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர். அதற்கப்புறம் வளைவுகளும் குரங்குகளும்தான்.

வேனில் டூர் போகும் ஆபீஸ் கோஷ்டிகளுக்கு ஒரு வியாதி உண்டு. ஓட்டல் செலவை மிச்சம் பிடிக்க அடுப்பங்கரையையே தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். எங்கள் கோஷ்டியும் அதே ஜாதி. நாங்கள் பதினோரு பேர், சமையல் மாஸ்டர், டிரைவர். பதினாலாவதாக, டிக்கெட் வாங்காத பயணி ஒருவர் பின்சீட்டுக்கு அடியில் சிவப்புச் சட்டையோடு படுத்திருந்தார். எடை 14.2 கிலோ. அது உள்ளே இருக்கிற காஸ் மட்டும், இரும்பு தனி.

போளூரில் டீக்கு நிறுத்தியபோது டிரைவர் பார்த்துவிட்டார்.

"இது எதுக்கு மாஸ்டர்?"

"மேல மழை பிடிச்சுக்கிட்டா வேனுக்குள்ளயே பஜ்ஜி போட்டுடலாம் தம்பி."

"மதுரை சமாசாரம் மறந்து போச்சாண்ணே?"

டீ கிளாஸ்கள் அந்தரத்தில் நின்றன. 2023 ஆகஸ்ட் 26, விடியற்காலை. லக்னோவிலிருந்து ராமேஸ்வரம் போக வந்த சுற்றுலா ரயில் பெட்டி மதுரையில் நின்றுகொண்டிருந்தது. உள்ளே திருட்டுத்தனமாக ஏற்றி வந்த காஸ் சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். புண்ணியம் தேடி வந்தவர்கள்.

"ஜன்னலைத் திறந்து வெச்சா போச்சு" என்றான் எங்கள் அக்கவுண்ட்ஸ் நண்பன். கணக்கில் புலி. ஆனால் காஸ் வேறு கணக்கு. அது காற்றை விட ஒன்றரை, இரண்டு மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது. தண்ணீர் மாதிரி தரையில் தேங்கும். வேனில் ஜன்னல் மேலே, காஸ் கீழே. காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே ஒரு பொறி போதும். படுக்க வைத்த சிலிண்டர் இன்னும் மோசம். உள்ளே இருப்பது திரவம். ஆவியாக வரவேண்டியது திரவமாகவே ரெகுலேட்டருக்கு வந்து நிற்கும். மலை வளைவில் உருண்டால் கேட்கவே வேண்டாம்.

மாஸ்டருக்கு ரோஷம் வந்தது. "முப்பது வருஷமா சமைக்கிறேன்!"

"வீட்ல சமைச்சீங்கண்ணே. இது வீடு இல்ல. பதிமூணு பேர் உயிரு" என்றார் டிரைவர். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கி நின்றுவிட்டார். நல்லவேளை, மாஸ்டரின் தங்கை வீடு போளூரிலேயே இருந்தது. பதினாலாவது பயணி அங்கே விருந்தாளியாக இறங்கிக்கொண்டார்.

மேலே கோலப்பன் ஏரியில் படகு, பீமன் அருவியில் குளியல், மெஸ்ஸில் சாமைச் சோறு. ஒரு குறையும் இல்லை. ராத்திரி குளிர் ஏறியதும் ஒருத்தனுக்கு யோசனை பிறந்தது: "சட்டியில கரி போட்டு வேனுக்குள்ள வெச்சுட்டுக் கதவை மூடிட்டா கதகதப்பா இருக்குமே மச்சான்?"

காஸிலாவது நாற்றம் உண்டு. கசிந்தால் தெரியட்டும் என்று வேண்டுமென்றே கலக்கிறார்கள். கரியும் ஜெனரேட்டரும் விடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவரை எழுப்பாமலே கூட்டிப் போய்விடும். 2024 டிசம்பரில் கேரளாவில் வடகரை ரோட்டோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் பிணமாகக் கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்த அந்த வாயுதான் உள்ளே புகுந்திருந்தது. இதை நான் சொன்னதும் கரி யோசனைக்காரன் பேசாமல் இரண்டாவது போர்வையைத் தேடினான்.

ஆகவே வேன் கோஷ்டிகளே! அடுப்பு வேண்டுமானால் வெட்டவெளியில், சிலிண்டர் நிமிர்ந்து நிற்க, ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட டியூபோடு. வேனுக்குள் நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள். கதவுகளைத் திறந்துவிட்டு எல்லாரும் இறங்குங்கள், தள்ளி நின்று 1906-க்குப் போன் போடுங்கள். பஜ்ஜி சாப்பிட்டே ஆகவேண்டும் என்றால் கடையில் வாங்கிச் சாப்பிடுங்கள். சட்னியும் சேர்த்துத் தருகிறார்கள்!