பேர் எழுதின ரெக்கார்டு

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி அதிகம். போன மாசம் ஊருக்குப் போனப்போ நடந்த ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிட்டுப் போயிடறேன். அதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். பொறுத்துக்கோங்க.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கு. தண்ணி, சிகரெட்டெல்லாம் இல்லைங்க. ஜமைக்காவுல 1970கள்லயும் 80களோட ஆரம்பத்துலயும் பதிவான ரெகே, டப் ஆல்பங்களோட மறுவெளியீடுகளைத் தேடித் தேடி வாங்குறது. ஒரிஜினல் தட்டு வாங்கணும்னா கிட்னியை விக்கணும், அதனால மறுவெளியீடு. அதுக்கே தட்டு விலை ஒரு பங்குன்னா, கப்பல் கூலியும் கஸ்டம்ஸும் சேர்ந்து இன்னொரு பங்கு. "இந்தக் காசுக்கு மாசம் ஒரு கிராம் வாங்கியிருந்தா..."ன்னு அம்மா ஆரம்பிச்சா நான் ஹெட்போனை மாட்டிக்குவேன்.

பழக்கம் தொத்துனது இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டல்ல. ரூம்மேட்டோட ஓட்டை லேப்டாப்புல 2001ல வந்த ஜி.டி.ஏ. 3 விளையாடுவோம். அதுல காரைத் திருடினா ரேடியோ பாடும். கே-ஜா அப்படின்னு ஒரு ஸ்டேஷன். அதுல பாட்டே இல்லை! பேஸும் டிரம்ஸும் மட்டும் போயிட்டே இருக்கும். எங்கேயோ கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஒரு கிட்டார் வெட்டு, ஒரு எதிரொலி, அப்புறம் அமைதி. எல்லாரும் மிஷன் முடிக்கப் பறந்தாங்க. நான் காரை ஓரமா நிறுத்திட்டுக் கேட்டுட்டிருந்தேன். போலீஸ் வந்து சுட்டுட்டுப் போச்சு, அது வேற கதை.

அந்த ஸ்டேஷன் முழுக்க ஒரே ஆல்பத்துல இருந்து எடுத்த பாட்டுங்கன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. 1981ல லண்டன்ல கிரீன்ஸ்லீவ்ஸ் வெளியிட்டது. பேரு, 'சயன்டிஸ்ட் ரிட்ஸ் த வேர்ல்ட் ஆஃப் த ஈவில் கர்ஸ் ஆஃப் த வேம்பயர்ஸ்'. சயன்டிஸ்ட் உலகத்தை ரத்தக்காட்டேரி சாபத்துல இருந்து காப்பாத்துறாராம். சயன்டிஸ்ட்ங்கிறது ஹோப்டன் பிரவுன்ங்கிற ஆளோட பட்டப்பேர். அவர் பாடகர் இல்லை. வாத்தியக்காரரும் இல்லை. மிக்சிங் பண்ற சவுண்ட் இன்ஜினியர்!

இங்கதான் டப்னா என்னன்னு சொல்லியாகணும். ஜமைக்காவுல சிங்கிள் தட்டோட முதல் பக்கம் பாட்டு இருக்கும். பின்பக்கம் அதே பாட்டோட 'வெர்ஷன்', அதாவது குரலை எடுத்துட்டு வெறும் இசை. சவுண்ட் சிஸ்டம் கச்சேரியில அதைப் போட்டு, மேல மைக்கைப் பிடிச்சு ஒருத்தர் பேசுவார். அந்த வெர்ஷனைக் கையில எடுத்து வேற ஒண்ணா மாத்தினவங்கள்ல முக்கியமானவர் கிங் டப்பி. நிஜப் பேரு ஆஸ்போர்ன் ரட்டக். தொழில் ரேடியோ, டிவி ரிப்பேர். கிங்ஸ்டன்ல வாட்டர்ஹவுஸ் பகுதியில, டிராமிலி அவென்யூவுல, ஒரு சின்ன வீட்டுல ஸ்டுடியோ. பேண்ட் உக்காந்து வாசிக்கக்கூட இடம் கிடையாது. வேற ஸ்டுடியோவுல பதிவான நாலு டிராக் டேப் வரும். இவர் மிக்சர் முன்னாடி உக்காந்து, குரலை மூடி, டிரம்ஸைத் திறந்து, ஹார்னை எக்கோவுல தள்ளி, டேப் ஓட ஓடக் கையாலயே பண்ணுவார். அதுதான் மிக்ஸ். இன்னைக்கு நாம மவுஸ்ல பண்றதுக்கெல்லாம் தாத்தா. 1989 பிப்ரவரியில அவரை வீட்டு வாசல்லயே சுட்டுக் கொன்னுட்டாங்க.

சயன்டிஸ்ட் அவரோட சிஷ்யன். அவரோட அப்பாவும் ரேடியோ, டிவி மெக்கானிக். ஆம்ப்ளிபையர் கட்ட டிரான்ஸ்பார்மர் வாங்க டப்பிகிட்ட போன பையன், அங்கேயே காயில் சுத்துற எடுபிடியா சேர்ந்து, அப்புறம் மிக்சர்ல கை வெச்சார்.

இதைப் படிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரலை. ஏன்னா எங்க அப்பா சங்கரன்கோவில் பக்கம் மைக்செட் வெச்சிருந்தவர். ஆம்ப்ளிபையர் அவரே கட்டுனது. டிரான்ஸ்பார்மர் அவரே சுத்துனது. ஆடித்தபசுக்குப் பந்தல் பந்தலா குழாய் கட்டி ஊரையே அலற விட்டவர். கேசட் வந்ததும் ரெக்கார்டையெல்லாம் எடைக்குப் போட்டுட்டார். சிடி வந்ததும் தொழிலையே விட்டுட்டார்.

சரி, மறுவெளியீட்டுக்கு வருவோம். பொட்டி தட்டுறவங்களுக்குச் சுலபமாப் புரியும். சோர்ஸ் கோடு தொலைஞ்சு போச்சு, பைனரி மட்டும் இருக்குன்னா என்ன பண்ணுவோம்? அதேதான். ஜமைக்காவுல டேப் விலை அதிகம். ஒரு பாட்டு முடிஞ்சா அதே டேப்புல அடுத்ததைப் பதிவு பண்ணினதும் உண்டு. மிச்சம் இருந்ததுல பலது காணாமப் போச்சு. அதனால பல மறுவெளியீடு, தேயாத தட்டு ஒண்ணைத் தேடிப் பிடிச்சு, அதை ஓட்டிப் பதிவு பண்ணி, கீறல் சத்தத்தைச் சுத்தம் பண்ணித்தான் வருது. தட்டும் லேசுப்பட்டது இல்லை, ஜமைக்கா அச்சுல நடு ஓட்டையே கொஞ்சம் தள்ளி இருக்கும். நேர்மையான லேபிளா இருந்தா, 'இது தட்டுல இருந்து எடுத்தது'ன்னு அட்டையிலேயே சொல்லிடுவாங்க.

இதுல எல்லாருக்கும் பாடம் எடுத்தது மான்செஸ்டர்ல இருந்த பிளட் அண்ட் ஃபயர். 1993ல ஆரம்பிச்சாங்க. ஸ்டீவ் பாரோங்கிற ஆராய்ச்சிக்காரர் அதுல முக்கியப் புள்ளி. நல்ல அட்டை, பக்கம் பக்கமா குறிப்பு, யார் பேஸ், யார் டிரம்ஸ், யார் மிக்ஸ்னு எல்லாப் பேரும் இருக்கும். கலைஞர்களுக்குக் காசும் போகும். த காங்கோஸோட 'ஹார்ட் ஆஃப் த காங்கோஸ்' ஆல்பத்தை 1996ல ரெண்டு சிடியா கொண்டு வந்தது அவங்கதான். லீ பெர்ரி தன் வீட்டுக் கொல்லையில கட்டின பிளாக் ஆர்க் ஸ்டுடியோவுல பதிவானது, முதல்ல 1977ல வந்தது. நாலே டிராக் மிஷின். ஒரு டிராக்கை இன்னொண்ணு மேல ஏத்தி ஏத்தி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இரைச்சல் சேரும். அந்த இரைச்சல்தான் அதோட அழகே. நடுவுல ஒரு மாடு வேற கத்தும். முதல் தடவை வீட்டுல போட்டப்போ அம்மா ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து, "யார் வீட்டு மாடுடா?"ன்னாங்க.

அப்பேர்ப்பட்ட பிளட் அண்ட் ஃபயரும் 2007 வாக்குல கையை விரிச்சிடுச்சு. இப்போ அவங்க போட்ட மறுவெளியீடே பழைய சாமான் சந்தையில கிராக்கி. காப்பாத்தினதை மறுபடி யாராவது காப்பாத்தணும். இதுக்கு முடிவே இல்லை போலிருக்கு.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். அந்த ரத்தக்காட்டேரி ஆல்பத்தை எல்.பி.யா வாங்கணும்னு ரொம்ப நாள் ஆசை. கிரீன்ஸ்லீவ்ஸை 2008ல நியூயார்க் வி.பி. ரெக்கார்ட்ஸ் வாங்கிடுச்சு. 2010கள்ல அவங்க போட்ட மறுவெளியீட்டுல தலைப்பே மாறிடுச்சு. 'ஜுஞ்சோ பிரசன்ட்ஸ்'னு ஆரம்பிக்குது. தலைப்புல சயன்டிஸ்ட் பேர் இல்லை!

ஜுஞ்சோங்கிறது தயாரிப்பாளர் ஹென்றி லாஸ். சேனல் ஒன் ஸ்டுடியோவுல ரூட்ஸ் ராடிக்ஸ் குழுவை வாசிக்க வெச்சவர். 1999ல லண்டன்ல சுட்டுக் கொல்லப்பட்டார். யாருக்கு உரிமைங்கிறதுல சயன்டிஸ்டுக்கும் லேபிளுக்கும் பல வருஷமாவே ஆகலை. ஒரு பக்கம் பார்த்தா, காசு போட்டவர் தயாரிப்பாளர், வாசிச்சது ராடிக்ஸ், மிக்ஸ் பண்றதுக்குக் கூலி வாங்கினவர் எப்படி உரிமை கேக்கலாம்? இன்னொரு பக்கம், அந்த ஆல்பத்தை நானெல்லாம் தேடிப் போனதே அந்த மிக்ஸுக்காகத்தானே?

என்னால இதை லேசா எடுத்துக்க முடியலை. காரணம் சொந்தக் கதை. முன்னாடி இருந்த கம்பெனியில ரெண்டு வருஷம் ராத்திரி பகலா எழுதின ஒரு மாட்யூல். நான் விலகின அப்புறம் கோடை வேற ரெப்போசிட்டரிக்கு மாத்தினாங்க. பழைய ஹிஸ்டரி எதுவும் கூட வரலை. இன்னைக்கு அதுல என் பேரைத் தேடினா ஒரு வரிகூட கிடையாது. சம்பளம் கொடுத்தாங்க, கோடு அவங்களுது, நியாயம்தான். ஆனாலும் வலிக்குதே...

கடைசியில வாங்கிட்டேன். சந்தேகத்தோடதான் வாங்கினேன். ஊருக்கு எடுத்துட்டுப் போய், பழைய பிளேயரை அப்பாகிட்ட சரி பண்ணச் சொல்லிப் போட்டேன். அப்பா கண்ணை மூடிக் கேட்டார். எக்கோ வந்து மறைஞ்ச இடத்துல, "ஏல, இது பாட்டுக்காரன் வேலை இல்ல. செட்டுக்காரன் வேலை"ன்னார். நான் எதுவுமே சொல்லலை, அவரே கண்டுபிடிச்சார்!

அப்புறம் கதை முழுக்கச் சொன்னேன். பேர் எடுத்த விஷயத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்பா, உங்க செட்டுல ஓடின பாட்டு உங்களுதா?"ன்னு கேட்டேன்.

"பாட்டு எப்படில என்னுதாகும்? அந்தச் சத்தம் என்னுது. ரெண்டு தெரு தள்ளி நின்னாலும் இன்னார் செட்டுன்னு ஊர்ல சொல்லுவான்."

சொல்லிட்டு எழுந்து போய் ஸ்கெட்ச் பேனா எடுத்துட்டு வந்தார். அந்தக் காலத்துல தட்டு மாறிடக் கூடாதுன்னு ஒவ்வொரு அட்டையிலயும் செட்டு பேரும் நம்பரும் எழுதுவாராம். "அந்தப் பையன் பேரு என்ன சொன்ன?"ன்னார். நான் தடுக்கிறதுக்குள்ள, புத்தம் புது அட்டையோட வலது மூலையில தமிழ்ல 'சயன்டிஸ்ட்'னு எழுதி, கீழே '1'னு நம்பரும் போட்டுட்டார்.

கலெக்டர்கள் யாராவது படிச்சா நெஞ்சைப் பிடிச்சுக்குவாங்க. அந்தத் தட்டோட மார்க்கெட் விலை பாதியாயிருக்கும். பரவாயில்லை, அதை நான் விக்கப் போறதில்லை.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது மிச்ச எல்லாத்தையும் எடுத்துட்டுப் போகணும். '2' எதுக்குன்னு அவரே முடிவு பண்ணட்டும்.

உங்க வீட்டுலயும் பரண்ல பழைய தட்டு ஏதாவது கிடந்தா, எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி அட்டையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க மக்களே. யார் பேராவது எழுதியிருக்கும்.