பூண்டியில் கண்ட இரு வேடர்

அவிநாசியிலிருந்து திருப்பூர் செல்லும் பேருந்தில் ஏறினால், பயணச்சீட்டைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தி முடிப்பதற்குள் திருமுருகன்பூண்டி வந்துவிடுகிறது. ஐந்து கிலோமீட்டர் தொலைவுதான். இறங்கியவுடன் நம்மை வரவேற்பது உளியோசை. சாலையோரச் சிற்பக் கூடங்களில் கருங்கல் விநாயகரும், நந்தியும், பாதி முகம் தெரிந்தும் பாதி இன்னும் கல்லுக்குள் உறங்கியும் கிடக்கிற அம்மனும் வரிசையாக நிற்கிறார்கள். உளியோசையோடு மின்சார இயந்திரத்தின் இரைச்சலும் இப்போது கலந்துவிட்டது. ஆனாலும் கண்ணையும் மூக்கையும் இதழையும் திறப்பதற்குச் சிற்பியின் கை உளியைத்தான் நாடுகிறது.

சிற்றூராக நான் அறிந்திருந்த பூண்டி, 2021-இல் நகராட்சியாக உயர்ந்துவிட்டது. ஒரு பக்கம் சிற்பக் கூடங்கள். மறுபக்கம் பனியன் கம்பெனிகள். கல்லும் நூலும் அடுத்தடுத்து வாழும் ஊர் இது. பணி ஓய்வு பெற்ற என் பழைய நண்பர் இங்கே குடியேறி ஆண்டுகள் சில ஆயின. அவர் பலமுறை அழைத்தும் போகாதிருந்த குறையைத் தீர்க்க, சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை புறப்பட்டேன்.

"முதலில் எங்கள் ஊர்க் கோயிலைப் பாருங்கள். பிறகு காப்பி" என்றார் நண்பர். கொங்கு நாட்டில் தேவாரப் பாடல் பெற்ற ஏழு சிவத்தலங்களுள் ஒன்று திருமுருகநாதர் கோயில். அதன் வரலாற்றை நண்பர் நடந்துகொண்டே சொன்னார். சுந்தரர் தம் நண்பரான சேரமான் பெருமாளிடம் விடைபெற்று, அவர் அளித்த பொன்னும் பொருளும் சுமந்து இவ்வழியே வருகிறார். சிவபெருமானோ தம் பூதகணங்களை வேடர் உருவில் அனுப்பி அத்தனையையும் பறித்துக்கொள்ளச் செய்கிறார். பறிகொடுத்த சுந்தரர் நேரே கோயிலுக்கு வந்து, 'வழிப்போக்கரைக் கொள்ளையிடும் இந்த ஊரில் நீர் எதற்காகக் குடியிருக்கிறீர்?' என்ற பொருள்படப் பதிகம் பாடிச் சண்டையிடுகிறார். பாடி முடித்ததும் பறித்த பொருளை வேடர்கள் திரும்பக் கொணர்ந்து குவிக்கிறார்கள். பெரியபுராணம் கூறும் கதை இது. மாசி மாதத் திருவிழாவில் இந்த நிகழ்ச்சியை 'வேடுபறி' என்று இன்றும் நடித்துக் காட்டுகிறார்கள்.

நாம் வேறு வழிபாட்டு மரபைச் சேர்ந்தவர்கள். ஆயினும் அக்கதை என் மனத்தைத் தொட்டது. இறைவனோடு வழக்காடிய யோபுவை நாமும் அறிவோமல்லவா? உரிமையோடு சண்டையிட்டதால்தான் சுந்தரருக்கு 'வன்தொண்டர்' என்ற பெயர் நிலைத்தது.

காப்பிக்குப் பின் நண்பர் என்னைத் தம் மகன் வேலை செய்யும் பிரிண்டிங் பட்டறைக்கு அழைத்துச் சென்றார். நீண்ட மேசைகள். அவற்றின்மேல், தைப்பதற்கு முன்னமே வெட்டி எடுத்த பனியனின் முன்பக்கத் துணிகள் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. நிறத்துக்கு ஒன்றாகப் பிரேம்கள். இருவர் எதிரெதிரே நின்று பிரேமைத் துணிமேல் இறக்கிச் சாயத்தை இழுத்துவிட்டு அடுத்த துணிக்கு நகர்கிறார்கள். மேசையின் இக்கோடியிலிருந்து அக்கோடிக்குப் போய்வருவதற்குள் ஒரு நிறம் காய்ந்து, அடுத்த நிறத்துக்குத் துணி ஆயத்தமாகிவிடுகிறது. எல்லா நிறங்களும் முடிந்து எழுந்த உருவத்தைப் பார்த்துத் திகைத்தேன். தலைக்கவசமும் முகமூடியும் ஒன்றான ஒரு கறுப்பு முகம்.

"இது யாரப்பா?" என்றேன்.

"வேடருங்க, மாமா" என்றான் நண்பரின் மகன்.

கோயில் கதை அவ்வளவு தூரம் பனியனில் ஏறிவிட்டதா என்று வியந்து, "சுந்தரரிடம் பறித்த வேடரா?" என்று கேட்டேன். பட்டறையே சிரித்தது. "இல்லீங்க மாமா, டார்த் வேடர். ஸ்டார் வார்ஸ் படத்துல வருவாருங்க" என்றான். பெயர்ப் பொருத்தத்தை நினைத்து நானும் சிரித்துவிட்டேன்.

ஸ்டார் வார்ஸ் என்னும் பெயரை வாசகர்களில் இளையோர் அறிந்திருப்பர். மூத்தோருக்காகச் சுருங்கச் சொல்கிறேன். ஜார்ஜ் லூகாஸ் என்ற அமெரிக்க இயக்குநர் 1977 மே மாதம் வெளியிட்ட விண்வெளிக் கற்பனைப் படம் அது. 1980-லும் 1983-லும் அடுத்த இரு பகுதிகள் வந்தன. பின்னர் முன்கதையைக் கூறும் மூன்று படங்கள் 1999, 2002, 2005 ஆகிய ஆண்டுகளில் வந்தன. 2012-இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் லூகாசின் நிறுவனத்தை ஏறத்தாழ 405 கோடி டாலருக்கு வாங்கிற்று. அதன்பின் 2015, 2017, 2019-இல் மேலும் மூன்று படங்கள் வெளியாயின. இவற்றுள் 2015-ஆம் ஆண்டுப் படம் இந்தியாவில் வெளியான நாள் டிசம்பர் 25. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2001-இல் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், மதம் என்ற கேள்விக்கு ஏறத்தாழ 3,90,000 பேர் அப்படத்து வீரர்களின் பெயரான 'ஜெடாய்' என்று எழுதிவைத்தார்களாம். விளையாட்டாக எழுதியவர் பலராயினும், ஒரு படத்தின் பிடி எவ்வளவு வலியது என்பதற்கு அது சான்று.

பனியனுக்கும் அப்படத்துக்கும் உள்ள உறவும் பழையது. பொம்மை, சட்டை முதலியவற்றில் படத்தின் உருவங்களைப் பயன்படுத்தும் உரிமையை லூகாஸ் தொடக்கத்திலேயே தம்மிடம் வைத்துக்கொண்டார். 1977 கிறிஸ்துமசுக்குப் பொம்மைகள் ஆயத்தமாகவில்லை. அதனால் 'பின்னர் அனுப்புவோம்' என்று உறுதி கூறும் சீட்டை அட்டை உறையில் வைத்து விற்றார்கள். பிள்ளைகள் அதையும் வாங்கினார்கள்! இன்று அவ்வுருவத்தை அச்சிட முறையான உரிமம் வேண்டும். மாதிரித் துணி ஒப்புதல் பெறவேண்டும். குறைபட்ட துணியை வெளியே விற்கலாகாது. பட்டறையில் எண்ணி எண்ணி அடுக்குகிறார்கள்.

இனி நான் கேட்ட வழக்குக்கு வருகிறேன். அங்கே பிரிண்டிங் மாஸ்டர் ஒருவர் இருந்தார். ஐம்பதைக் கடந்தவர். சிறுவயதில் வாடகை வீடியோ கேசட்டில் முதல் மூன்று படங்களையும் பார்த்தவர். "படம் என்றால் அந்த மூன்றோடு முடிந்ததுங்க. மற்றதெல்லாம் துணி மிச்சமாகிவிட்டதே என்று தைத்த சட்டை" என்றார். நண்பரின் மகனோ 1999-ஆம் ஆண்டுப் படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்து அதனூடே உள்ளே நுழைந்தவன். "மாஸ்டர், நல்ல பையன் ஒருவன் எப்படிக் கெட்டான் என்று தெரியாமல், அவன் திருந்தியதைப் பார்த்து என்ன பயன்?" என்று மடக்கினான்.

அவர்கள் பேசப்பேச எனக்குக் கதை விளங்கியது. கறுப்பு முகமூடி அணிந்த அந்தக் கொடியவன் ஒரு காலத்தில் அடிமையாயிருந்த ஏழைச் சிறுவன். தாயை இழந்த துயரமும், மனைவியையும் இழந்துவிடுவோமோ என்ற அச்சமும் அவனைத் தீமையின் பக்கம் தள்ளின. அவனோடு போரிடும் இளைஞன் அவனுடைய மகனே என்பது இரண்டாம் படத்தில் வெளிப்படுகிறது. மூன்றாம் படத்தில் மகனைக் காக்கத் தன் உயிரையே கொடுத்து அவன் மீள்கிறான். வெளியான வரிசையில் பார்ப்பவர்க்கு 'அவன்தான் தந்தை' என்பது இடியாக இறங்குகிறது. கதை வரிசையில் பார்ப்பவர்க்கு ஒரு மனிதனின் வீழ்ச்சியும் மீட்சியும் முழுமையாகக் கிடைக்கின்றன. எந்த வரிசை சிறந்தது என்பது உலகெங்கும் ரசிகர்களிடையே இன்னும் தீராத வழக்கு.

மாஸ்டருக்கு இன்னொரு குறையும் உண்டு. 1997-இல் பழைய படத்தை லூகாஸ் சில மாற்றங்களுடன் மீண்டும் வெளியிட்டார். கடத்தல்காரனான ஹான் சோலோ, தன்னைப் பிடிக்க வந்தவனை மதுக்கடையில் முந்திக்கொண்டு சுடுவான். அது பழைய படம். மாற்றிய படத்தில் எதிரியே முதலில் சுடுகிறான். "இதிலென்ன?" என்றேன். "என்னங்க இப்படிக் கேட்கிறீங்க! அவன் முதலில் தன்னலக்காரன். பிறகுதான் நண்பர்களுக்காக உயிரைக் கொடுக்கத் துணிகிறான். தொடக்கத்திலேயே அவனை நல்லவனாக்கிவிட்டால், அவன் மனம் மாறியதற்கு என்ன மதிப்பு?" என்றார். ஒரு மறையுரைக்குப் போதுமான கருத்து, சாய வாடைக்கு நடுவே எனக்குக் கிடைத்தது.

பிந்திய மூன்று படங்களைப் பற்றிய சச்சரவு வேறு விதம். 2015-ஆம் ஆண்டுப் படம் பழைய கதையையே திரும்பச் சொல்கிறது என்று குறைகூறியவர் பலர். 2017-ஆம் ஆண்டுப் படமோ பழைய நாயகனை மனமுடைந்து தனித்தீவில் ஒளிந்த முதியவனாகக் காட்டியது. துணிவான படைப்பு என்று சிலரும், துரோகம் என்று சிலரும் இரண்டாகப் பிரிந்தனர்.

இவ்வளவு நேரம் முந்திக்கொண்டு பேசிய நண்பரின் மகன் இந்த இடத்தில் அமைதியானான். திரும்பி நடக்கும்போது தாழ்ந்த குரலில் என்னிடம் சொன்னான்: "அந்த 2017 படத்தில் கெல்லி மேரி டிரான் என்று ஒரு பெண் நடித்திருந்தாங்க, மாமா. படம் பிடிக்கவில்லை என்ற கோபத்தில், அந்தப் பெண்ணின் முகத்தையும் இனத்தையும் பழித்து உலகமெல்லாம் எழுதினார்கள். அவர்களில் நானும் ஒருவன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது."

வியட்நாமிலிருந்து அகதிகளாக வந்த பெற்றோரின் மகள் அவர். பழிச்சொற்களின் நடுவே, 2018-இல் தம் இன்ஸ்டாகிராம் பக்கத்துப் பதிவுகளையெல்லாம் நீக்கிவிட்டு ஒதுங்கினார். பிறகு நியூயார்க் டைம்ஸ் இதழில், அந்தச் சொற்களைத் தாமே நம்பத் தொடங்கிவிட்டதாக மனம் திறந்து எழுதினார். அடுத்த படத்தில் அவருக்கு வந்த காட்சிகள் மிகச் சிலவே. அகமது பெஸ்ட் என்ற நடிகரின் கதை இன்னும் கொடிது. 1999-ஆம் ஆண்டுப் படத்தில் ஜார் ஜார் பிங்ஸ் என்ற கோமாளிப் பாத்திரத்தை ஏற்றவர் அவர். ரசிகர்களின் ஏளனம் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொள்ளும் எல்லைவரை சென்றதாக 2018-இல் அவரே வெளியிட்டார். எழுதிய பாத்திரத்துக்கும் இயக்கிய முறைக்கும் அவர் பொறுப்பாளி அல்லர். தந்த வேலையைச் செய்தவர்.

"அந்தப் பெண் எழுதியதைப் படித்த அன்று நான் எழுதியதை அழித்துவிட்டேன், மாமா. ஆனால் அவர் படித்திருந்தால் படித்ததுதானே?" என்றான். எனக்குப் பதில் தோன்றவில்லை.

வழியில் ஒரு சிற்பக் கூடத்தில் நின்றோம். முதிய சிற்பி ஒருவர் சிலையின் முகத்தில் குனிந்திருந்தார். வாங்க வருவோர் குறை சொல்வதுண்டா என்று கேட்டேன். "சொல்லாமல் இருப்பார்களா? உயரம், அங்கம் எல்லாவற்றுக்கும் சாத்திர அளவு இருக்கிறது. அதில் தவறினால் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. முகத்தின் களை மட்டும் சிற்பியின் கையில் இருக்கிறது. அதில் ஒருவருக்குப் பிடிப்பது மற்றவருக்குப் பிடிக்காது" என்றார். சற்று நிறுத்திவிட்டு, "குறையை என்னிடம் சொல்லட்டும். கல் சுமந்து வந்த ஆளை ஏசினால் எனக்குப் பொறுக்காது. கல்லில் போன சில்லும் வாயில் போன சொல்லும் திரும்ப ஒட்டாதுங்க" என்றார். நண்பரின் மகன் தலைகுனிந்து நின்றான்.

கோயில் கதையின் பொருள் அப்போது எனக்கு வேறாக விரிந்தது. சுந்தரர் சண்டையிட்டார், உண்மை. ஆனால் யாரோடு சண்டையிட்டார்? ஏவலுக்கு வந்த வேடரைத் துரத்திச் சென்று சபிக்கவில்லை. தாம் அன்பு செய்த தலைவனின் வாசலில் நின்று, முகத்துக்கு நேரே, தம் பெயரால் கேட்டார். அன்பு உள்ள இடத்தில் வழக்கும் உண்டு. ஆனால், எளியவர்மேல் இருட்டிலிருந்து எறியும் கல்லுக்கு வழக்கு என்று பெயரில்லை. வேடரின் வேடத்துக்குப் பின்னே இறைவனின் பணியாளர் இருந்தனர். கறுப்பு முகமூடிக்குப் பின்னே ஒரு தந்தை இருந்தான். நாம் ஏசுகின்ற ஒவ்வொரு முகத்துக்குப் பின்னேயும் யாரோ ஒருவர் இருக்கிறார்.

பேருந்து நிறுத்தத்துக்கு வழியனுப்ப வந்த பையனிடம், "அந்தக் கோமாளி வேடக்காரர் பிறகு என்ன ஆனார்?" என்று கேட்டேன். அவன் முகம் மலர்ந்தது. ஸ்டார் வார்ஸ் கதையிலிருந்து பிறந்த 'தி மண்டலோரியன்' என்ற தொடரில், 2023-ஆம் ஆண்டு, ஒரு குழந்தையைக் கொலைகாரர்களிடமிருந்து காப்பாற்றும் வீரனாக அவரையே நடிக்க வைத்தார்களாம். முன்பு ஏளனம் செய்த ரசிகர் கூட்டம் அன்று அவரைக் கொண்டாடிற்று. "அந்தக் காட்சியை நான்கு முறை பார்த்தேன், மாமா" என்றான்.

அவிநாசிப் பேருந்து வந்தது. சன்னல் வழியே பார்த்தேன். பட்டறையின் வாசலில், அன்று அச்சிட்ட துணிகளைக் கட்டுக்கட்டாக வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இனி அவை தையலுக்குப் போகும், பெட்டியில் அடங்கும், கடல் கடக்கும். எங்கோ ஒரு சிறுவன் அதை அணிந்து தன் தோழனோடு எந்தப் படம் சிறந்தது என்று வாதாடுவான். வாதாடட்டும். தோழனோடு என்பதை மட்டும் அவன் மறவாதிருக்கட்டும்.