துடைப்பத்திற்குக் கண் இல்லை

தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரமே இருந்தது. வீட்டைத் துப்புரவு செய்துகொண்டிருந்த அண்ணன், அலமாரியின் அடியில் கிடந்த துருப்பிடித்த கத்தி ஒன்றை எடுத்துக் குப்பைப் பெட்டியில் போட்டான். பாட்டி பதறி எழுந்து வந்தார். அது அவர் இளமையில் தோட்டத்தில் பால்மரம் சீவிய கத்தி.

“துடைப்பத்திற்குத்தான் கண் இல்லை, ராசா. அதைப் பிடிக்கிற உனக்குமா இல்லை? எறிவதற்கு முன்னால் இது யாருடையது என்று ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா?” என்றார்.

அண்ணன் சிரித்துக்கொண்டே கத்தியைத் துடைத்து அவர் கையில் கொடுத்தான். ஆனால், அதே வாரத்தில் அவன் கையில் இன்னொரு துடைப்பமும் இருந்தது. அதைப் பற்றி அவனிடம் யாரும் கேட்கவில்லை.

படிவம் நான்கில் பயிலும் அவன் தங்கை, வரலாற்றுப் பாடத்தின் இடுபணிக்காகப் பாட்டியின் தோட்ட வாழ்க்கையைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். ஆசிரியர் மின்னஞ்சலில் அனுப்பியிருந்த மாதிரித் தாளை அங்கிருந்தே திறந்து, மூன்று இரவுகள் பாட்டி சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தாள். ஒவ்வோர் இரவும் சேமிக்கும் பொத்தானை அழுத்தவும் தவறவில்லை. மின்னஞ்சலிலிருந்து நேரடியாகத் திறக்கும் கோப்பைக் கணினி பல வேளைகளில் தற்காலிகக் கோப்புறை ஒன்றில்தான் வைக்கும் என்பதை அவள் அறிந்திருக்கவில்லை. மூன்றாம் இரவு அவள் உறங்கச் சென்ற பின், கணினி மெதுவாக இயங்குகிறதே என்று அண்ணன் ஒரு துப்புரவு மென்பொருளை நிறுவினான். கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் தற்காலிகக் கோப்புகள் தாமாகவே அழியும்படி அமைத்தான். மறுநாள் அவள் கணினியைத் திறந்தபோது மூன்று இரவுகளின் உழைப்பைக் காணவில்லை. மறுசுழற்சித் தொட்டியிலும் அது இல்லை.

தற்காலிகக் கோப்பு என்பது கட்டடத்தைச் சுற்றிக் கட்டும் சாரத்தைப் போன்றது. சாரம் இல்லாமல் சுவர் எழும்பாது. சுவர் எழும்பிய பின் சாரம் தேவைப்படாது. எழுத்துப் பணிக்கான மென்பொருள், வேலை நடக்கும்போதே ஒரு துணைக்கோப்பை வைத்துக்கொள்கிறது. அச்சுப்பொறிக்குச் செல்லும் பக்கங்கள் சற்று நேரம் ஒரு கோப்பாகக் காத்திருக்கின்றன. புதிய மென்பொருளை நிறுவும்போது, அதன் பகுதிகள் முதலில் ஓரிடத்தில் விரித்து வைக்கப்படுகின்றன. வேலை முடிந்ததும், தான் உருவாக்கியதைத் தானே அழித்துவிடுவது நல்ல மென்பொருளின் கடமை.

ஆனால், மின்சாரம் திடீரென்று தடைபட்டால் அந்தக் கடமை நிறைவேறாது. மென்பொருள் பாதியில் நின்றுபோனாலும் அப்படித்தான். சாரம் மட்டும் எஞ்சி நிற்கும். அதனால்தான் இயங்குதளங்களும் துப்புரவுப் பணியை ஏற்றுக்கொள்கின்றன. லினக்ஸ் இயங்குதளத்தின் பல பதிப்புகளில் தற்காலிகக் கோப்புகளுக்கென இரண்டு இடங்கள் உள்ளன. பொதுவான அமைப்பின்படி, ஓரிடத்தில் 10 நாளும் மற்றோரிடத்தில் 30 நாளும் எவரும் தொடாத கோப்புகள் அழிக்கப்படுகின்றன. கோப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த நிரல் படித்துப் பார்ப்பதில்லை. அது இருக்கும் இடத்தையும் அதன் வயதையும் மட்டுமே பார்க்கிறது.

அப்படியானால், எதையும் அழிக்காமல் விட்டுவிடலாமே என்று தோன்றலாம். அதன் விளைவைச் செவ்வாய்க் கோள் காட்டியது. அமெரிக்காவின் நாசா நிறுவனம் அனுப்பிய ‘ஸ்பிரிட்’ என்னும் ஊர்தி 2004 ஜனவரியில் அங்கே தரையிறங்கியது. மூன்று வாரம் முடிவதற்குள் அதன் பேச்சு நின்றது. ஏழு மாத விண்வெளிப் பயணத்தில் சேர்ந்த பழைய கோப்புகளும், இறங்கிய பின் சேர்ந்த புதிய கோப்புகளும் அதன் சேமிப்பகத்தில் குவிந்திருந்தன. அத்தனை கோப்புகளின் பட்டியலைக் கையாள நினைவகத்தில் இடம் போதவில்லை. அதனால் கணினி நின்றது, மீண்டும் தொடங்கியது, மீண்டும் நின்றது. இரவில் உறங்க வேண்டிய ஊர்தி உறங்க முடியாமல் மின்கலத்தின் ஆற்றலை இழந்துகொண்டிருந்தது. சேமிப்பகத்தைத் தொடாமலேயே கணினியைத் தொடங்கும்படி பொறியாளர்கள் பூமியிலிருந்து கட்டளை அனுப்பினர். பின்னர், தேவையற்ற கோப்புகளை அழித்து ஊர்தியை மீட்டனர். 90 செவ்வாய் நாள்களுக்கென அனுப்பப்பட்ட ஸ்பிரிட், 2010 மார்ச் வரை பூமியோடு தொடர்பில் இருந்தது.

துப்புரவு செய்யாமல் விட்டதால் நேர்ந்த இடர் அது. கண்மூடித் துப்புரவு செய்ததால் நேர்ந்த இடர் ஜப்பானில் நிகழ்ந்தது. கியோத்தோ பல்கலைக்கழகத்தின் மீக்கணினியில், 10 நாள்களுக்கு மேற்பட்ட பழைய பதிவுக் கோப்புகளை மட்டும் அழிக்கும் நிரல் ஒன்று இயங்கி வந்தது. 2021 டிசம்பரில் அந்த நிரலைத் திருத்தி எழுதினர். பழைய நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் இடத்தில் புதியதை வைத்துவிட்டனர். ஓடிக்கொண்டிருந்த நிரல், பாதி வழியில் புதிய வரிகளைப் படிக்கத் தொடங்கியது. எந்தக் கோப்புறையைத் துப்புரவு செய்ய வேண்டும் என்று சொல்லும் இடம் அதற்கு வெறுமையாகவே இருந்தது. நிரல் நிற்கவில்லை. பதிவுக் கோப்புகளை விட்டுவிட்டு, ஆய்வாளர்களின் கோப்புகளை அழித்தது.

டிசம்பர் 14 முதல் 16 வரை அழிந்த தரவின் அளவு ஏறத்தாழ 77 டெராபைட். கோப்புகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 3 கோடியே 40 இலட்சம். 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றுள் 4 குழுக்களின் தரவைக் காப்புப் பிரதியிலிருந்தும் மீட்க இயலவில்லை. கணினியை வழங்கிய நிறுவனம் முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டது. பொறுப்பை ஏற்கலாம், ஆனால், போன தரவு திரும்பி வராது.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை அல்ல. துப்புரவு தேவை என்பதை முதல் நிகழ்ச்சி சொல்கிறது. துப்புரவுக்கும் எல்லை தேவை என்பதை இரண்டாவது சொல்கிறது. அந்த எல்லையை வகுப்பது மனிதனின் வேலை. பொறுப்புள்ள நிரலாளர், தம் நிரல் உருவாக்கும் தற்காலிகக் கோப்புகளுக்குத் தனிப்பெயரும் தனி இடமும் கொடுக்கிறார். தம்முடையவை அல்லாத கோப்புகளில் கைவைப்பதில்லை. கோப்புறையின் பெயர் வெறுமையாக இருந்தால், அழிக்காமல் நின்றுவிடும்படி நிரலை எழுதுகிறார். எவற்றை அழிக்கப்போகிறோம் என்ற பட்டியலை முதலில் காட்டச் செய்து, அதைப் பார்த்த பிறகே அழிக்க விடுகிறார். பாட்டி அண்ணனிடம் எதிர்பார்த்ததும் இதைத்தான்.

பயன்படுத்துவோருக்கும் ஒரு பங்கு உண்டு. வேண்டிய கோப்பை வேண்டிய இடத்தில், உரிய பெயரோடு சேமிக்க வேண்டும். காப்புப் பிரதி ஒன்றை வேறோர் இடத்திலும் வைக்க வேண்டும். குப்பை மேட்டில் வைத்த பொன்னைக் குப்பையோடு வாரிச் சென்றவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

அண்ணன் தங்கையிடம் மன்னிப்புக் கேட்டான். இம்முறை அவனே அருகில் அமர்ந்து தட்டச்சு செய்தான். பாட்டியும் சலிக்காமல் முதலிலிருந்து சொன்னார்: விடியுமுன் எடுக்கும் பெயர்ப்பதிவு, மண்டோரின் அதட்டல், பால் வாளியின் கனம். ஆனால், முன்பு சொன்ன ஒன்று மட்டும் அவர் வாயில் வரவில்லை. தம்மோடு ஒரே நிரையில் மரம் சீவிய தோழியின் பெயர் அது. அன்று பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார். தங்கை அதைத் தட்டச்சு செய்ததும் உண்டு. இப்போது இருவருக்கும் அது நினைவில்லை.

“அன்றைக்கு எப்படியோ வந்தது, அம்மா. இன்றைக்கு வரமாட்டேன் என்கிறது,” என்றார் பாட்டி.

தங்கை அந்த இடத்தில் ஒரு சிறு கோடிட்டு வெற்றிடமாக விட்டாள். கோப்புக்குப் பாட்டியின் பெயரைச் சூட்டி இரண்டு இடங்களில் சேமித்தாள். அண்ணன் துப்புரவு மென்பொருளின் அமைப்பைத் திறந்தான். அதை நீக்கவில்லை. அழிப்பதற்கு முன் பட்டியலைக் காட்டும்படி மாற்றினான்.