கட்டத்துள் மறைந்த பங்கு

நெய்யாற்றின்கரை வட்டத்துக் குளத்தூரில் நம் பாட்டனார் கட்டிய வீட்டின் பரண்மீது ஒரு தகரப்பெட்டி உண்டு. அதனுள் அவர் எழுதிய கணக்குப் புத்தகம் ஒன்று துணியில் சுற்றிக் கிடந்தது. கொல்லங்கோட்டுப் பக்கத்திலிருந்து தேங்காய் வாணிகத்தின்பொருட்டு இங்கே குடிவந்தவர் அவர். அவர் வந்த நாளில் இரண்டு ஊர்களும் திருவிதாங்கூருக்குள்ளேயே இருந்தன. 1956 நவம்பர் முதல் நாளில் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாட்டனாரின் மகள், அதாவது நம் அத்தை, மணமாகிக் கொல்லங்கோட்டிற்கே சென்றவர். ஆதலின் அண்ணன் வீடு ஒரு மாநிலத்திலும் தங்கை வீடு மற்றொரு மாநிலத்திலுமாக அமைந்துவிட்டன. நம் சங்கத்துக் குடும்பங்களில் பலவற்றின் கதை இதுவே. புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை.

கிணற்றங்கரைத் தென்னந்தோப்பின் விளைவில் மகளுக்கு ஆண்டுதோறும் ஒரு பங்கு சேரவேண்டும் என்று பாட்டனார் அப்புத்தகத்தில் எழுதிவைத்தார். பங்கின் அளவை அக்கால வழக்கப்படி ஒரு குறியால் காட்டியிருந்தார். இக்காலப் பிள்ளைகளுக்குக் காலும் அரையும் முக்காலுமே தெரியும். முன்னோர்க்கோ இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. பதினாறில் ஒன்று வீசம். எட்டில் ஒன்று அரைக்கால். ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி இருந்தது. நாட்டில் 1957 ஏப்ரல் முதல் நாளன்று நயா பைசா புழக்கத்திற்கு வந்தது. அதனை அடுத்து மெட்ரிக் அளவைகளும் வந்தன. அதன்பின் இக்குறிகளை எழுதுவாரும் குறைந்தனர், படிப்பாரும் குறைந்தனர்.

நம் தந்தையார் இருந்தவரையில் அத்தையின் பங்கை அவரே அளந்து அனுப்பினார். 2011-இல் அவர் மறைந்தபின் அப்பொறுப்பு நம்மிடம் வந்தது. நாம் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். பூச்சி அரித்த ஓரத்தில் இருந்த அக்குறியை அரைக்கால் என்று கொண்டோம். ஆண்டுக்குச் சராசரி 1,600 தேங்காய் விளையும் தோப்பு அது. எட்டில் ஒரு பங்காக 200 தேங்காய் கணக்கிட்டு, ஆண்டுதோறும் நாமே வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினோம். அத்தை ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை.

பின்னர் 2020 மார்ச் 25-இல் நாடடங்கு வந்தது. களியக்காவிளைச் சாலையில் காவல் நின்றது. சிற்றூர்களின் குறுக்குப் பாதைகளும் அடைபட்டன. கூப்பிடு தொலைவு என்று நாம் எண்ணியிருந்த ஊர் எட்டாத ஊராயிற்று. தேங்காயை அனுப்ப வழியில்லாமையால் அதன் விலையை அனுப்ப எண்ணினோம். பணம் மட்டும் போவது முறையன்று எனக் கருதி, பாட்டனார் எழுதிய வரியையும் மகனைக் கொண்டு தட்டச்சு செய்வித்து அத்தையின் கைப்பேசிக்கு அனுப்பினோம்.

அங்கிருந்து அழைப்பு வந்தது. “மக்களே, எழுத்தெல்லாம் தெரியுது. பங்கு எவ்வளவு என்கிற இடத்திலே மட்டும் ஒரு கட்டம் கிடக்குதே, அது என்ன?” என்றார் அத்தை.

கட்டம் தோன்றியதற்குக் காரணம் இது. கணினியும் கைப்பேசியும் எழுத்துகளை எண்களாகவே அறியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று உலகுக்கெல்லாம் பொதுவாக வகுத்த ஏற்பாடு யூனிகோடு. தமிழ் எழுத்துகள் 1991-இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே இடம்பெற்றன. ஆனால் நம் பின்னக் குறிகளும், உழக்கு, குறுணி, பதக்கு முதலிய அளவைக் குறிகளும் 2019-இல்தான் இடம்பெற்றன. ஸ்ரீரமண சர்மா என்பார் முன்மொழிய, மொத்தம் 51 குறிகள் தனித் தொகுதியாகச் சேர்ந்தன. மலையாளத்தின் கால், அரை, முக்கால் குறிகள் 2008-இலும் ஏனைய சிறு பின்னங்கள் 2016-இலும் முன்னரே சேர்ந்துவிட்டன. மாவும் காணியும் வீசமும் இரு மொழிக்கும் பொதுவான சொற்கள். அண்டை வீட்டார் கணக்கு முன்னே ஏறியது. நம் கணக்கு சற்றுப் பின்னே ஏறியது. அத்தையின் கைப்பேசியோ 2017-இல் வாங்கியது. தான் பிறந்தபின் வந்த எழுத்தை அஃது எங்ஙனம் அறியும்? அறியாத எழுத்துக்கு ஒரு வெற்றுக் கட்டத்தை இட்டுவிட்டது.

“அது அரைக்கால், அத்தை” என்று சொல்லால் எழுதி அனுப்பினோம். அதற்கு அவர் கூறிய மறுமொழியை இன்றும் நாம் மறக்கவில்லை.

“அரைக்கால் என்று எழுதினது நீ. என் அப்பா எழுதினது எங்கே? நீ குறைத்துக் கொடுத்தாய். வீட்டிலே என்ன கஷ்டமோ என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன். அதிலே எனக்கு வருத்தம் இல்லை. அப்பா எழுதினதே அவ்வளவுதான் என்று இப்போது எழுதுகிறாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை.”

பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினோம். கண்புரை கொண்ட அவருக்கு மங்கிய மையும் அரித்த தாளும் தெளியவில்லை. “அப்பா எனக்குச் சொல்லித் தந்த குறியெல்லாம் தெரியும். வரிசையாகப் பெரிதாகக் காட்டு, எதுவென்று சொல்லுகிறேன்” என்றார். காட்ட வேண்டுமாயின் அவருடைய கைப்பேசிக்கு அவ்வெழுத்துகளைக் கற்பிக்க வேண்டும். அங்கே செல்லவோ வழியில்லை.

மகன் ஒரு வழி கூறினான். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் எழுத்துருக்களெல்லாம் பூட்டிய அறை போன்ற ஒரு பகுதியில் இருக்கின்றன. உரியவர்கூட அதனுள் ஒன்றைச் சேர்க்க இயலாது. ஜான் வூ என்னும் இளைஞர் 2016-இல் வெளியிட்ட மேஜிஸ்க் என்னும் மென்பொருள் அதற்கோர் உபாயம் செய்தது. அது மூல அறையைத் தொடுவதில்லை. அதன்மேல் ஒரு மெல்லிய திரையை விரித்தாற்போல், நாம் தரும் கோப்புகளை உள்ளே இருப்பனபோலக் காட்டுகிறது. அங்ஙனம் தரும் கோப்புகளின் பொட்டலத்திற்கு மாட்யூல் என்று பெயர். மாட்யூலை நீக்கினால் பழைய நிலை திரும்பிவிடும். அத்தையோடு இருந்த பேரன், கல்லூரி மாணவன், அக்கைப்பேசியின் பூட்டை விளையாட்டாக முன்னரே திறந்து மேஜிஸ்க்கை இட்டு வைத்திருந்தான். பொட்டலம் ஒன்று கட்டி அனுப்பினால் போதும் என்றானது.

பொட்டலம் கட்டுவது எளிது என்றே நாமும் எண்ணினோம். மகன் வீட்டுக் கணினியில் கையாலேயே கோப்புகளை அமைத்தான். தமிழ்க் குறிகள் அடங்கிய நோட்டோ எழுத்துரு; அதனைத் தேடவேண்டிய இடத்தைக் கைப்பேசிக்குக் கூறும் பட்டியல்; மாட்யூலின் அடையாளமும் பெயரும் பதிப்பெண்ணும் எழுதிய சிறு குறிப்புக் கோப்பு; நிறுவுவதற்கான இரண்டு கோப்புகள். எல்லாம் சேர்த்துச் சுருக்கி அனுப்பினான். இது மாட்யூலே அன்று எனக் கைப்பேசி திருப்பிவிட்டது. பார்த்தால், கோப்புகளை ஒரு கோப்புறைக்குள் வைத்து அக்கோப்புறையோடு கட்டிவிட்டான்; குறிப்புக் கோப்பு பொட்டலத்தைப் பிரித்தவுடன் மேலாக இருத்தல் வேண்டும். மறுமுறை அதைத் திருத்தினான், வேறொன்று தவறியது. விண்டோஸ் கணினி ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளத்தை மிகையாகச் சேர்க்கும். ஆண்ட்ராய்டு அதனை ஏற்காது. மூன்றாம் முறை மாட்யூலின் அடையாளத்தைத் தமிழில் எழுதினான். அதுவும் ஆகவில்லை. பெயர் எம்மொழியிலும் இருக்கலாம். அடையாளமோ ஆங்கில எழுத்தில் தொடங்கி, ஆங்கில எழுத்து, எண், புள்ளி, கோடு ஆகியவற்றால் மட்டுமே அமைதல் வேண்டும்.

எல்லைக்கு அப்பால் ஒரு கிழவி காத்திருக்க, இங்கே ஒரு புள்ளியாலும் கோட்டாலும் நாள் கழிந்தது. நான்காம் நாள் மகன் கையால் கட்டுவதை நிறுத்தினான். டெர்மக்ஸ் என்னும் மென்பொருளைத் தன் கைப்பேசியில் இட்டுக்கொண்டான். அது கருந்திரையில் கட்டளைகளைத் தட்டச்சிட்டு வேலை வாங்கும் வகையைச் சார்ந்தது. படமும் இல்லை, பொத்தானும் இல்லை. எழுதிய சொல்லுக்கு அது செய்யும். அதில் அறுபது வரிக்குள் ஒரு சிறு கருவியை எழுதினான். அதற்கு இரண்டே கட்டளைகள்.

முதற்கட்டளை சாரம் கட்டும். கொத்தனார் சுவர் எழுப்புமுன் மூங்கிலும் கயிறும் கொண்டு சாரம் கட்டுவதைக் கண்டிருக்கிறோம். அவ்வாறே, ஒரு பெயரைக் கொடுத்தவுடன் எந்தக் கோப்பு எங்கே இருக்கவேண்டுமோ அங்கே வெற்றுக் கோப்புகளை இக்கட்டளை வரிசையாக அமைத்துத் தரும். எழுத்துருவை அதற்குரிய இடத்தில் வைப்பதே நாம் செய்ய வேண்டியது. இரண்டாம் கட்டளை பொட்டலம் கட்டும், கட்டுமுன் சோதிக்கும். குறிப்புக் கோப்பு மேலே உள்ளதா? அடையாளத்தில் ஆகாத எழுத்து உண்டா? பதிப்பெண் எண்தானா? வரி முடிவில் மிகை அடையாளம் ஒட்டியிருக்கிறதா? ஒன்று பிழைத்தாலும் கட்ட மறுத்து, இன்ன கோப்பில் இன்ன பிழை என்று கூறும். உலகில் மென்பொருள் செய்வார் இத்தகைய கருவிகளைப் பெரிதும் சிறிதுமாக எத்தனையோ வைத்திருக்கிறார்கள். புதுமை இதில் ஒன்றும் இல்லை. ஒருமுறை செய்த பிழையை மறுமுறை செய்யாதபடி எழுதிவைப்பதே இதன் பயன்.

அன்று மாலையே பொட்டலம் சென்றது. பேரன் அதனை நிறுவிக் கைப்பேசியை நிறுத்தித் தொடங்கினான். கட்டங்கள் மறைந்தன, குறிகள் தோன்றின. பின்னக் குறிகள் அனைத்தையும் மகன் பெரிய எழுத்தில் வரிசையாக அனுப்ப, பேரன் தன் கைப்பேசியில் பக்கத்தின் படத்தைப் பெரிதாக்கி அருகே பிடித்தான். அத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து வந்து ஓரிடத்தில் விரலை வைத்தார். “இதுதான். மூன்று வீசம்.”

மூன்று வீசம் என்பது பதினாறில் மூன்று. நாம் விளக்கருகே புத்தகத்தைப் பிடித்துப் பார்த்தோம். அரித்த ஓரத்தில் மைக்கறை என்று நாம் தள்ளிய கோடு கறையன்று, குறியின் பகுதியே. ஐயம் தீராமல் மகன் முன்பக்கங்களைப் புரட்டினான். பாட்டனாரே ஓராண்டுக் கணக்கை எழுதியிருந்தார்: விளைவு 960, மகளுக்குச் சென்றது 180. எட்டில் ஒன்றாயின் 120 அன்றோ வரவேண்டும்? பதினாறில் மூன்றாயின் சரியாக 180. அப்பக்கத்தை நாம் எட்டாண்டுகளில் ஒருமுறையும் புரட்டிப் பார்த்ததில்லை.

ஆண்டுக்கு 300 தேங்காய் சேரவேண்டிய இடத்தில் 200 சேர்த்திருக்கிறோம். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள், குறைந்தவை 800. எல்லை திறந்தபின் முதல் வேலையாக அத்தை வீட்டிற்குச் சென்று கணக்கைச் சொன்னோம். “அதை வைத்து நான் என்ன செய்யப் போகிறேன்? அப்பா புத்தகம் முழுவதையும் இதேபோல் எழுதிக் கொடு; அது போதும்” என்றார். எனினும் பழைய பாக்கியை ஆண்டுக்கு நூறாகச் சேர்த்தே இறக்கி வந்தோம். புத்தகமும் பக்கம் பக்கமாக ஏறிவருகிறது.

நேயர்களுக்கு இரண்டு சொற்கள். கைப்பேசியின் பூட்டைத் திறத்தல் விளையாட்டன்று. திறக்கும்போது அதிலுள்ள படங்களும் செய்திகளும் பெரும்பாலும் அழிந்துபோம். வங்கிச் செயலிகள் பல அதன்பின் இயங்க மறுக்கும். கள்ளருக்கும் கதவு எளிதாம். ஆகவே அன்றாடம் கையாளும் கைப்பேசியில் இதனைச் செய்ய வேண்டா. பயன்படாது கிடக்கும் பழைய கைப்பேசி இருந்தால், அறிந்த பிள்ளைகளைக் கொண்டு செய்யலாம்.

மற்றொன்று. நம் பிள்ளைகள் மலையாளப் பள்ளியில் படிக்கிறார்கள். படிக்கட்டும், அதுவும் நமக்கு வேண்டியதே. ஆயினும் பரண்மீதுள்ள பெட்டியை விடுமுறையில் ஒருநாள் அவர்களோடு இறக்கிப் பாருங்கள். குறி தெரிந்த முதியவர் வீட்டில் இருந்தால் அருகே அமர்த்திக்கொள்ளுங்கள். புரியாத குறிக்கு நாமே ஒரு பொருளை ஊகித்து எழுதிவிட வேண்டா. நாம் ஊகித்தது எட்டில் ஒன்று. முன்னோர் எழுதியது பதினாறில் மூன்று. அந்த வேறுபாட்டை ஒருவர் எட்டாண்டுகள் வாய்திறவாமல் சுமந்திருந்தார்.