நாலடி தூரத்துக்கு எதுக்குய்யா நெட்டு?

போன மாசம் ஒரு ராத்திரி நெட் புட்டுக்கிச்சு. அம்மாவுக்கு முழங்கால் வலி. எந்திரிக்க வேணாமேன்னு கட்டிலோர விளக்குக்கு ஸ்மார்ட் ப்ளக் மாட்டிக் கொடுத்திருந்தேன். செல்லைத் தட்டுறாங்க, தட்டுறாங்க, எரியல. இருட்டுல எந்திரிச்சுப் போய் நிலையில இடிச்சுக்கிட்டு நெத்தி வீங்கிடுச்சு.

விஷயம் என்னன்னா, செல்லுக்கும் விளக்குக்கும் நடுவுல நாலடிதான். ஆனா கட்டளை எங்கயோ இருக்கிற கம்பெனி சர்வருக்குப் போயிட்டுத் திரும்பணும். வீட்டு வைஃபை நல்லாத்தான் இருந்துச்சு!

மறுநாள் ஆணி புடுங்குறதுக்கு லீவு. ப்ளக்கைப் பிரிச்சா உள்ள இஎஸ்பி8266 சிப். 230 வோல்ட் சமாச்சாரம், கரண்ட்ல இருந்து கழட்டிட்டுத்தான் கை வெச்சேன். டாஸ்மோட்டாங்கிற இலவச மென்பொருளை ஏத்தியாச்சு. இனிமே ப்ளக்கோட ஐபிக்கு 'பவர் ஆன்'னு ஒரு எச்டிடிபி கோரிக்கை அனுப்பினா போதும், வேலை வீட்டுக்குள்ளயே முடிஞ்சுது. எப்பவும் ஓடுற ராஸ்பெர்ரி பையில கொஞ்சம் பைத்தான், அம்மா செல்லுல ஒரே ஒரு பெரிய பொத்தான். ரவுட்டர்ல அந்த ஐபியை நிரந்தரமாக்கிடுங்க மக்கா, இல்லைன்னா மாறித் தொலைக்கும்.

நெட் வயரைப் புடுங்கிட்டு அம்மாகிட்ட கொடுத்தேன். எரிஞ்சுது!

"தாத்தா கட்டில்ல தொங்குமே பெட் சுவிட்ச், அதையே மாட்டியிருக்கலாமேடா?"ன்னாங்க.

பதில் சொல்லத் தெரியல :-)