திறந்து பார்த்த தேதி

“தம்பி, சி டிரைவ் சிவப்பாயிடுச்சு. டேலி திறக்கவே மாட்டேங்குது. ஃபார்மட் போட்டுடலாமா?”

லேப்டாப்பைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்திருந்தார் அக்கா. அம்பத்தூர் எஸ்டேட்டில் மூன்று லேத் பட்டறைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுபவர். நூம்பலில் என் கடை பத்தடிக்குப் பத்தடிதான். வேலப்பன்சாவடிப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் உடைந்த கீபோர்டோடு வருவார்கள். கணக்கெழுதுபவர்கள் நிரம்பிய டிஸ்க்கோடு வருவார்கள். கீபோர்டு அரைமணி வேலை. நிரம்பிய டிஸ்க்குக்கு அரைநாள் ஆகும். “டெலிட் பண்றதுக்கு அரைநாளா?” என்று கேட்காதவர் இல்லை.

அரைநாள் ஏன் ஆகிறது என்பதற்கு என்னிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், டியூஷன் எடுக்கும் ஒரு சாரின் கம்ப்யூட்டர் வந்தது. யாரோ பழைய விண்டோஸுக்கு மேலேயே புது விண்டோஸைப் போட்டிருந்தார்கள். அப்படிப் போட்டால் பழையது முழுக்க ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற ஃபோல்டருக்குள் போய் உட்காரும். பேரைப் பார்த்தால் குப்பை போலத்தான் தெரியும். டிஸ்க் கிளீனப்பில் டிக் அடித்துத் தூக்கிவிட்டேன். அதற்குள்தான் அவருடைய பழைய டெஸ்க்டாப் இருந்தது. டெஸ்க்டாப்பில், பாமினி எழுத்துருவில் ஆறு வருஷமாக அடித்துச் சேர்த்த கேள்வித்தாள்கள்.

ரெக்கவரி மென்பொருள் போட்டு இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். பாதி வந்தது. வந்ததிலும் பேர் இல்லை, பல தாள்கள் பாதியில் அறுந்திருந்தன. அவர் திட்டவில்லை. “பரவால்ல தம்பி, மறுபடி அடிச்சுக்கறேன்” என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அன்றைக்குப் பாதியாவது வந்ததற்குக் காரணம், அது சுழலும் ஹார்டு டிஸ்க். அதில் அழிப்பது என்றால் பொருளடக்கத்தில் பேரை அடிப்பது மட்டும்தான். பக்கம் அப்படியே கிடக்கும், மேலே வேறு எதுவும் எழுதப்படும்வரை. இப்போது லேப்டாப்பில் வரும் எஸ்எஸ்டி அப்படியில்லை. ரீசைக்கிள் பின்னைக் காலி செய்ததும், ‘இந்த இடம் இனி வேண்டாம்’ என்று விண்டோஸ் அதற்குச் சொல்லிவிடுகிறது. டிரிம் என்று பேர். விண்டோஸ் 7 காலத்திலிருந்து இருக்கிறது. எஸ்எஸ்டி தன் ஓய்வு நேரத்தில் அந்த இடத்தை உண்மையாகவே துடைத்து வைத்துக்கொள்கிறது. வேகத்துக்கு நல்லது. ‘தெரியாம அழிச்சுட்டேன்’ என்று மறுநாள் ஓடி வருபவருக்கு நல்லதில்லை. அதனால் அக்கா “ஃபார்மட்” என்றதும் நான் முதலில் செய்தது டீ சொன்னதுதான்.

முதல் வேலை பார்ப்பது. ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பார்த்துக்கொண்டிருந்தால் பொழுது சாய்ந்துவிடும். விஸ்ட்ரீ அல்லது விண்டர்ஸ்டாட் ஓட்டினால், டிஸ்க் முழுவதும் மனைப்பிரிவு வரைபடம் போலத் திரையில் விரியும். பெரிய கோப்புக்குப் பெரிய மனை, சின்னதுக்குச் சின்ன மனை. இந்தப் படத்தைக் கண்டுபிடித்தவர் மேரிலாந்து பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பென் ஷ்னைடர்மன். 1990-இல் அவருடைய ஆய்வகத்தில் 14 பேர் சேர்ந்து பயன்படுத்திய 80 எம்பி டிஸ்க் நிரம்பிவிட்டது. யார் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறார்கள் என்பது புரியாமல்தான் இப்படி வரையும் வழியை யோசித்தார். இன்று 80 எம்பி என்பது வாட்ஸ்அப்பில் வரும் ஒரு கல்யாண வீடியோ. ஆனால் சண்டை அதேதான்: இடத்தை யார் அடைத்திருக்கிறார்கள்?

அக்காவின் டிஸ்க் 256 ஜிபி. விண்டோஸ் 238 என்றுதான் காட்டும். “கடைக்காரன் ஏமாத்திட்டானா?” என்று இதை வைத்தே பலர் கேட்டிருக்கிறார்கள். ஏமாற்றில்லை, விற்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 1024-ஆக எண்ணுகிறது. அந்த 238-ஐ யாரோ நடுவில் கோடு போட்டு சி, டி என்று சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். சி-யில் மிச்சம் ஒரு ஜிபிகூட இல்லை.

வரைபடத்தில் முதல் பெரிய மனை 41 ஜிபி. திறந்தால் 00, 01 என்று தொடங்கி எஃப்எஃப் வரை ஃபோல்டர்கள். உள்ளே நாற்பது எழுத்து நீளத்தில் வாயில் நுழையாத பேர்கள். படமா பாட்டா என்று சொல்லும் வால்கூடக் கிடையாது. இந்த வீட்டைப் பார்த்ததும் தெரியும்: ஐபோன் பேக்கப்.

“என்கிட்ட ஐபோனே இல்லையே தம்பி.”

“பையன்கிட்ட?”

பையனிடம் இருந்தது. சார்ஜ் போட இந்த லேப்டாப்பில் செருகியிருக்கிறான். ஐடியூன்ஸ் தன் கடமையைச் செய்திருக்கிறது. இதைக் கையால் பிடுங்கக் கூடாது. ஐடியூன்ஸுக்குள் பிரிஃபரன்சஸ், அதில் டிவைசஸ் போனால் எந்தப் போன், என்றைக்கு எடுத்தது என்று பேரோடு வரும். அங்கிருந்தே நீக்கலாம். இரண்டு வரிசை இருந்தது: கையில் இருக்கும் போன் ஒன்று, இரண்டு வருஷம் முன்பு விற்ற போன் ஒன்று. பையனுக்குப் போன் போட்டோம். “பழசுல இருந்த எல்லாம் புதுசுக்கு வந்துடுச்சுண்ணா” என்றான். ஒரு படம் சொல்லச் சொன்னேன், பழைய போனில் எடுத்தது, இப்போது கையில் இருப்பதில் திறந்து பார்த்துச் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் தேடிவிட்டு, ப்ளஸ் டூ பிரிவு உபசார விழாப் படம் இருக்கிறது என்றான். அதன் பிறகுதான் பழையதை நீக்கினேன்.

இரண்டாவது மனை, என் பழைய எதிரி: விண்டோஸ்.ஓல்டு, 23 ஜிபி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததிலிருந்து, 11-க்கு மாறிய ஒவ்வொரு லேப்டாப்பிலும் இதைப் பார்க்கிறேன். முறையாக மேம்படுத்தியிருந்தால் பத்து நாளில் விண்டோஸே இதைத் தூக்கிவிடும். அக்காவுடையது மாறி ஒரு வாரம்தான். காத்திருந்தாலே போதும். ஆனாலும் உள்ளே ‘யூசர்ஸ்’ வரை போய், டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் வெறுமையாக இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கை வைத்தேன். கேள்வித்தாள் சாருக்கு நான் கட்டும் வட்டி அது.

சி-க்கு மூச்சு வந்தது. டி-யைத் திறந்தேன்.

அங்கே இருந்தது பேக்கப் என்பதைவிடப் பயம் என்பது சரி. ‘ஆபீஸ் பேக்கப்’ என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் ‘டெஸ்க்டாப்’. அதற்குள் மறுபடியும் ‘ஆபீஸ் பேக்கப்’. முழு டெஸ்க்டாப்பையும் காப்பி அடிக்கும்போது, டெஸ்க்டாப்பில் கிடந்த பழைய காப்பியும் சேர்ந்தே போயிருக்கிறது. அடுத்த முறை அந்த இரண்டும். பக்கத்தில் டேலி பேக்கப், நாளுக்கொரு ஃபோல்டர். பழையதன் மேல் புதியது எழுதிவிடுமோ என்று பயந்து, சாயங்காலம் கணக்கை மூடும்போதெல்லாம் தேதி போட்டுப் புது ஃபோல்டர். நான்கு வருஷம்.

“இதெல்லாம் பத்திரமா இருக்கட்டும். டி டிரைவ்ல இருக்கறதால பயமில்ல.”

இந்த வாக்கியத்தை வாரத்துக்கு ஒருமுறை கேட்கிறேன். சி-யும் டி-யும் ஒரே டிஸ்க். ஒரு பெட்டியில் நடுப்பலகை வைத்த மாதிரி. பெட்டி தொலைந்தால் இரண்டு பக்கமும் தொலையும். லேப்டாப்பைத் திருப்பிப் போட்டு, பின்மூடியைக் கழற்றி, சூயிங்கம் பட்டை அகலத்தில் இருந்த அந்த ஒற்றை எஸ்எஸ்டியைக் காட்டினேன். அக்கா வெகுநேரம் அதையே பார்த்தார். “நாலு வருஷக் கணக்கு இதுலயா?”

வேறு டிஸ்க் என்றாலும் முடிந்துவிடாது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறந்து அடையாறு ஊருக்குள் புகுந்த பிறகு, சேறு காய்ந்த லேப்டாப்புகள் எனக்கு நிறைய வந்தன. சிலர் ஒழுங்காக எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் பேக்கப் எடுத்து வைத்திருந்தவர்கள். அதையும் அதே பீரோவின் அடித்தட்டில் வைத்திருந்தார்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறு இடத்தில் என்று பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர் ஒரு விதியைப் பரப்பினார். அதன் மூன்றாம் பகுதியை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த வெள்ளம்.

சரி, நான்கு வருஷத்து ஃபோல்டர்களில் எதை வைப்பது? ‘பழசைத் தூக்கு, புதுசை வை’ என்று கை தானாகப் போகும். அங்கேதான் நின்று யோசிக்க வேண்டும். சில மென்பொருள்கள் முதல் நாள் முழுதாக எடுத்துவிட்டு, பிறகு மாறியதை மட்டும் சேர்த்துக்கொண்டே போகும். அங்கே பழையதுதான் அடிவேர்; அதை வெட்டினால் மேலே உள்ளவை நிற்காது. டேலி பேக்கப் அப்படியில்லை, ஒவ்வொன்றும் தனியாக நிற்கும். ஆனால் சட்டம் இருக்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவு, ஆண்டு அறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்கச் சொல்கிறது. கம்பெனிச் சட்டத்தில் பதிவானது என்றால் எட்டு நிதியாண்டு. ஆகவே ஒவ்வொரு ஆண்டுக்கும் ஆடிட் முடிந்தபின் எடுத்த ஒன்று, நடப்பு ஆண்டில் மாதக் கடைசி ஒவ்வொன்று, போன முப்பது நாள் முழுதாக. மற்றவை போகலாம்.

போவதற்கு முன் ஒரு சடங்கு. தங்கப்போகும் ஒவ்வொன்றையும் ரீஸ்டோர் செய்து பார்ப்பது. அதைத் தனி ஃபோல்டரில் செய்ய வேண்டும்; ஓடிக்கொண்டிருக்கும் டேட்டா ஃபோல்டரில் செய்தால் இன்றைய கணக்கின் மேல் பழைய கணக்கு ஏறி உட்கார்ந்துவிடும். ஒவ்வோர் ஆண்டையும் திறந்தோம். அக்கா பையிலிருந்து ஆடிட்டர் கையெழுத்திட்ட தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு ட்ரயல் பேலன்ஸை விரலால் ஒட்டிப் படித்தார். மூன்று ஆண்டு பைசா சுத்தம். ஒன்று திறக்கவே இல்லை. பாதியில் கரண்ட் போனபோது எடுத்ததோ என்னவோ. அதன் முந்தின நாள் ஃபோல்டரைத் திறந்தோம், வந்தது. காலையிலேயே ‘ஆண்டுக்கு ஒன்று போதும்’ என்று மற்றதை அழித்திருந்தால், திறக்காத அந்த ஒன்றைத்தான் ஆறு வருஷம் பத்திரமாக வைத்திருப்பார்.

இருட்டும்போது டி-யில் 96 ஜிபி இருந்த இடத்தில் 11 ஜிபி. அதையே இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஏற்றினோம்; ஒன்று வீட்டுக்கு, ஒன்று ஆவடியில் தம்பி வீட்டுக்கு. பிரவுன் டேப் கிழித்து ஒட்டி, மார்க்கரை அவரிடம் கொடுத்தேன். பேக்கப் எடுத்த தேதியை எழுதப் போனார்.

“அது வேணாம்க்கா. திறந்து பார்த்த தேதியை எழுதுங்க.”

எழுதினார். பிறகு அதன் கீழே, அடுத்த தேதிக்கு என்று, மூன்று கோடுகள் போட்டுக்கொண்டார்.